கடைசி பெஞ்சுக்கு யார் பொறுப்பு?

"இவனுக்குப் படிப்புல இன்ட்ரஸ்டே இல்ல சார்!"

பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இந்த ஒரு வரி காதில் விழாமல் இருக்காது. சில நேரம் ஆசிரியர் சொல்வார், அம்மா தலையாட்டுவார். சில நேரம் அம்மாவே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், ஆசிரியர் தலையாட்டுவார். பையன் மட்டும் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனிடம் யாரும் எதுவும் கேட்பதும் இல்லை.

அந்தப் பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை நண்பர்களே.

பழனியிலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிற கீரனூர் மாதிரி ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே "படிப்பு ஏறாது" என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பையனிடம் போய், பழனிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், உடனே சொல்வான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று கேளுங்கள், அதையும் சொல்வான். நின்றுபோன பைக்கில் ப்ளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி ஓட வைப்பான். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்த மேட்சில் யார் எத்தனை ரன், எல்லாம் விரல் நுனியில்!

இவனுக்கா ஆர்வம் இல்லை? இவனுக்கா ஞாபக சக்தி இல்லை?

ஆர்வம் இல்லாத பிள்ளை என்று ஒருவரும் கிடையாது. ஆர்வம் வகுப்பறைக்குள் வர மறுக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி "இந்தப் பையனுக்கு என்ன கோளாறு?" என்பதல்ல. "இந்த வகுப்பறைக்கு என்ன கோளாறு?" என்பதுதான்.

இது ஏதோ பட்டிமன்றத் தலைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். திண்டுக்கல் மாவட்டத்துச் சமவெளியில் இதற்கு ஒரு விலை இருக்கிறது. வேடசந்தூர் பக்கம் வரிசையாக நூற்பாலைகள். கொஞ்ச தூரம் போனால் திருப்பூர் பனியன் கம்பெனிகள். ஒன்பதாம் வகுப்பில் "எனக்குப் படிப்பு வராது" என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால் அடுத்த வாரமே வேலை தயார். உழைப்பு கேவலம் இல்லை, கம்பெனி வேலையும் கேவலம் இல்லை. ஆனால் 14 வயதில் போகிற பிள்ளைக்கு அது தேர்வு செய்த வேலை அல்ல. வேறு வழியில்லை என்று நம்ப வைக்கப்பட்ட வேலை. அப்படிப் போகிறவர்களில் திரும்பிப் பள்ளிக்கு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

பள்ளிக்கூடக் கதவு வரைக்கும் வந்தாயிற்று

ஒரு உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதில் தமிழ்நாடு செய்த அளவுக்குச் செய்த மாநிலங்கள் குறைவு. 1956ல் காமராஜர் காலத்தில் மதிய உணவு. 1982ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவு. பிறகு இலவசப் பாடப்புத்தகம், சீருடை, பஸ் பாஸ், சைக்கிள், 2011ல் லேப்டாப். 2022ல் காலை உணவு. அதே 2022ல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2024ல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

இவ்வளவும் எதற்கு? பிள்ளை பள்ளிக்கூடக் கதவு வரை வர வேண்டும் என்பதற்காக. வந்தாயிற்று. பசியில்லாமல் வந்தாயிற்று. உட்கார்ந்தாயிற்று. ஆனால் உட்கார்ந்த பிறகு மனசு எங்கே இருக்கிறது? ஜன்னலுக்கு வெளியே! உடம்பைக் கொண்டுவர சோறு போதும். மனசைக் கொண்டுவர என்ன செய்வது? இது அடுத்த தலைமுறைக்கான கேள்வி. இதற்குப் பணம் மட்டும் போதாது.

ஆர்வம் எப்படிக் காணாமல் போகிறது?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் "மிஸ் நானு! மிஸ் நானு!" என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். அதே பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் போய்ப் பாருங்கள். கேள்வி கேட்டதும் எல்லாரும் குனிந்து நோட்டைப் புரட்டுவார்கள். இந்த எட்டு வருடத்தில் நடந்தது என்ன?

முதல் காரணம், பாக்கி. மூன்றாம் வகுப்பில் கழித்தல் சரியாகப் புரியாத பிள்ளை, அந்தப் பாக்கியோடு நான்காம் வகுப்புக்குப் போகிறது. அங்கே வகுத்தல். அது புரியாமல் ஐந்தாம் வகுப்பு. அங்கே பின்னம். கடன் மேல் வட்டி, வட்டி மேல் வட்டி! ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது அந்தப் பிள்ளைக்கு அது பாடமே அல்ல, வெறும் சத்தம். தெரியாத மொழியில் தினமும் ஆறு மணி நேரம் யாராவது பேசிக்கொண்டே இருந்தால், எவ்வளவு பெரிய அறிவாளியும் தூங்கித்தான் போவான்.

இரண்டாவது காரணம், வெட்கம். ஒரு முறை தப்பான பதில் சொல்லி வகுப்பே சிரித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. "தெரியாது" என்று காட்டிக்கொள்வதைவிட "எனக்கு இஷ்டமில்லை" என்று காட்டிக்கொள்வது கௌரவம். கடைசி பெஞ்சின் அலட்சியம் பெரும்பாலும் இந்த வெட்கம் போட்டுக்கொண்ட சட்டைதான்.

மூன்றாவது காரணம், "இது எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாதது. பதில் இருந்தாலும் அது ஒன்றே ஒன்றுதான்... "பரீட்சைக்கு வரும்!"

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைசி பெஞ்சில் சத்தம் போடுகிற பையனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். இரண்டாவது பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் பார்ப்பதில்லை. "ரொம்ப அமைதியான பொண்ணு" என்று பாராட்டு வேறு! அவளுக்கும் பாடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வருடம் ஓடிக்கொண்டிருக்கும். அமைதி என்பது கவனம் அல்ல.

பெயில் போட்டால் சரியாகிவிடுமா?

இந்தப் பாக்கியை வசூல் செய்ய நம் நாட்டில் அடிக்கடி சொல்லப்படும் யோசனை, பெயில் போடுவது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, மாநிலங்கள் விரும்பினால் 5, 8 வகுப்புகளில் நிறுத்தலாம் என்று ஆனது. தமிழ்நாட்டில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று 2019ல் அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

கைவிட்டது நல்லதுதான். பத்து வயதுப் பிள்ளையைப் பொதுத்தேர்வில் நிறுத்தி வைத்தால் ஆர்வம் வந்துவிடாது, பயம்தான் வரும். ஆனால் மறுபக்கத்தையும் நேர்மையாகப் பேச வேண்டும். பெயில் போடாமல் அடுத்த வகுப்புக்கு அனுப்புவது மட்டும் தீர்வு ஆகிவிடுமா? அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருடம் நடத்தினாலும் புரியப் போவதில்லை. புரியாமலே மேலே தள்ளிவிட்டாலும் புரியப் போவதில்லை. பாஸா பெயிலா என்று பெரியவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் சொல்லித்தருவது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நம் மாநிலமே செய்து பார்த்த ஒரு சோதனை

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலேயே இருக்கிறது.

ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி என்ற இடம். ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்காகப் பத்மநாப ராவ், ராமா தம்பதியினர் ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து அட்டைகளாக்கினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஒரு ஏணியில் ஏறுவது மாதிரி ஒவ்வொரு அட்டையாக முடித்து மேலே போக வேண்டும்.

1990களில் வேலூர் மாவட்டத்தில் கொத்தடிமைக் குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் படிக்க வைக்கும் வேலையில் ஈடுபட்டவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. பீடி சுற்றிக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்து "அ, ஆ" எழுதச் சொன்னால் உட்காருமா? அங்கேதான் வழக்கமான வகுப்பறை உதவாது என்பது வெட்டவெளிச்சமாகிறது. அவரே பிறகு சென்னை மாநகராட்சி ஆணையராக வந்தார். 2003ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் ரிஷிவேலி முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அது மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் முழுவதும் பரவி, 2007-08ல் தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது.

அந்த வகுப்பறையில் நடந்த மாற்றத்தைக் கற்பனை செய்து பாருங்கள். பெஞ்ச் கிடையாது. எல்லாரும் பாயில் உட்காருவார்கள், ஆசிரியர் உட்பட! பெஞ்சே இல்லாத இடத்தில் கடைசி பெஞ்ச் ஏது? பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவர் முழுக்கக் கரும்பலகை, ஆளுக்குக் கொஞ்சம் இடம். வருகைப் பதிவைப் பிள்ளையே குறித்துக்கொள்ளும். அலமாரியில் போய்த் தன் அட்டையைத் தானே எடுத்துவரும். ஒரு குழுவுக்கு ஆசிரியர் நேரடியாகச் சொல்லித்தருவார், ஒரு குழு கொஞ்சம் உதவியோடு படிக்கும், இன்னொரு குழுவில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள். நான்கு நாள் காய்ச்சலில் லீவு போட்ட பிள்ளை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். "பாடம் ஓடிப்போச்சு" என்ற பேச்சே இல்லை.

மேலே சொன்ன மூன்று காரணங்களையும் இதோடு பொருத்திப் பாருங்கள். பாக்கி சேராது, ஏனென்றால் ஒரு படி முடியாமல் அடுத்த படி இல்லை. வெட்கம் குறையும், ஏனென்றால் வகுப்பே பார்த்துச் சிரிக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. அடுத்து என்ன என்பது பிள்ளைக்கே தெரியும்.

குறைகளும் உண்டு. ஆசிரியர் சங்கங்கள் அப்போதே பல கேள்விகளை எழுப்பின. மேலிருந்து உத்தரவாக வந்தது, பயிற்சி போதவில்லை, நிறையப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரே ஆள் எத்தனை குழுவைப் பார்ப்பது என்றார்கள். நியாயமான கேள்விகள்தான். "டீச்சர் பாடமே நடத்தறதில்ல, புள்ளைங்க விளையாடிட்டு இருக்கு" என்று பெற்றோர்களும் குறைப்பட்டார்கள். அட்டையை முடிப்பதே குறிக்கோள் ஆகிவிட்ட இடங்களில் அதுவும் இன்னொரு மனப்பாடம் ஆனது. பிறகு முறை எளிமையாக்கப்பட்டது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் வயதைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கும் யோசனைதான் அடிப்படை.

பெயர்கள் மாறினாலும் உள்ளே இருக்கும் விதை ஒன்றே. பிள்ளை நிற்கும் இடத்துக்குப் பாடம் போக வேண்டும்!

இதையே வேறு வழியில் சொன்னவர்கள் பிரதம் அமைப்பினர். மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக எடுத்து, அந்தந்தப் பகுதியில் படித்த இளம்பெண்களை வைத்தே அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள் என்று காட்டிய ஆய்வை 2007ல் வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் உண்டு. 2019ல் பொருளாதார நோபல் வாங்கிய அதே தம்பதிதான். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியிலும் இதே வாசனை இருந்தது. தெருவில் இருக்கும் அக்காவே மாலையில் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தபோது, பள்ளியில் வாய் திறக்காத பிள்ளைகள் அங்கே பேசினார்கள். காரணம் எளிது. அக்காவிடம் "தெரியலக்கா" என்று சொல்லலாம். சாரிடம் சொல்ல முடியாது.

பரிசு கொடுத்தால் ஆர்வம் வருமா?

"ஃபர்ஸ்ட் மார்க் வாங்கினா சைக்கிள் வாங்கித் தர்றேன்!" வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம்.

1973ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள்தான் ரொம்பக் குறைவாக வரைந்தார்கள்! விளையாட்டாக இருந்தது கூலி வேலை ஆகிவிட்டது. கூலி நின்றதும் வேலையும் நின்றது.

மார்க்கும் ரேங்க்கும் செய்வது இதைத்தான். பத்து, பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு 2017ல் நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்த, 2017-18ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அதுவும் ரத்தானது. தேர்வுகள் வரலாம் போகலாம். ஆனால் தேர்வுதான் படிப்புக்கு ஒரே காரணம் என்றிருக்கும் வரை, தேர்வு முடிந்த மத்தியானமே படிப்பும் முடிந்துவிடும். கடைசிப் பரீட்சை அன்று இங்க் தெளித்துக்கொண்டு புத்தகத்தைக் கிழித்துப் போடும் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

தேர்டு க்ரூப் கதை

இனி காமர்ஸ் வகுப்புக்கு வருவோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பல பள்ளிகளில் மார்க்கை வைத்துத்தான் க்ரூப். நல்ல மார்க்குக்கு ஃபர்ஸ்ட் க்ரூப். கொஞ்சம் குறைந்தால் வேறொன்று. மிச்சம் இருப்பவர்களுக்கு காமர்ஸ். "உன் மார்க்குக்கு இதுதான் கிடைக்கும்" என்று சொல்லிக் கொடுக்கப்படும் படிப்பில் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் வரும்? கல்லூரி பி.காம். வகுப்பிலும் இதே மனநிலையோடு வந்து உட்காருகிறவர்கள் ஏராளம்.

முதல் மாதத்திலேயே பாதிப் பேரைக் கவிழ்க்கும் பாடம் ஒன்று உண்டு. பற்று, வரவு! வீட்டில் "வரவு செலவு" என்றால் வருவது வரவு. ஆனால் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று வைக்கச் சொல்கிறது. "உள்ளே வருவதைப் பற்று செய்க, வெளியே செல்வதை வரவு செய்க" என்று விதியை உருப்போடச் சொல்லிவிட்டு சார் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். ஏன் என்று கேட்கத் தைரியம் இல்லாத பிள்ளை அன்றைக்கே மனசுக்குள் கடையைச் சாத்திவிடும்.

ஆனால் இந்த விஷயம் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்! மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கினால் அண்ணாச்சி நோட்டில் அதன் பெயர் என்ன? பற்று. மாதம் பிறந்து 500 ரூபாய் கொடுத்ததும் அண்ணாச்சி என்ன சொல்வார்? "உங்க கணக்குல 500 வரவு வச்சுட்டேன்." பெற்றவர் பெயரில் பற்று, தந்தவர் பெயரில் வரவு. கல்லாப் பெட்டியையும் ஒரு ஆளாக நினைத்துக்கொண்டால் போதும். அந்த 500 ரூபாயைப் பெற்றது கல்லா, அதனால் கல்லாவுக்குப் பற்று. தந்தது வாடிக்கையாளர், அதனால் அவருக்கு வரவு. முடிந்தது! 1494ல் வெனிஸ் நகரத்தில் லூகா பாசியோலி அச்சில் போட்ட இரட்டைப் பதிவு முறையின் அடிப்படை, நம் தெரு முனைக் கடையில் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

அடுத்து மொய் நோட்டு. மதுரை, திண்டுக்கல் பக்கம் மொய் இல்லாத விசேஷம் ஏது? வகுப்பில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி மாமா கல்யாணத்துக்கு 500 செய்தோம். இப்போ அவர் காதுகுத்துக்கு 1000 செய்திருக்கார். இது வருமானமா, கடனா? கூட வந்த 500 வட்டியா, புதுக் கடனா? இதை ஐந்தொகையில் சொத்துப் பக்கம் எழுதுவதா, பொறுப்புப் பக்கம் எழுதுவதா?"

கடைசி பெஞ்ச் சும்மா இருக்குமா? இருக்காது! முதல் பெஞ்சைவிட அதிகம் பேசும். ஏனென்றால் மொய் எழுதும் டேபிளில் உட்கார்ந்த அனுபவம் அங்கேதான் அதிகம்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இப்போதைய கல்வி முறைக்கு ஒரு பெயர் வைத்தார்: வங்கி முறைக் கல்வி. ஆசிரியர் டெபாசிட் செய்வார், மாணவன் காலிக் கணக்கு மாதிரி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், பரீட்சையில் அப்படியே எடுத்துத் தர வேண்டும். வட்டி கூடக் கிடையாது! அவருடைய மறுப்பு இதுதான்: எந்த மாணவனும் காலிக் கணக்கோடு வருவதில்லை. ஏதோ ஒரு இருப்போடுதான் வருகிறான். அந்த இருப்பைப் பார்க்காமல் கணக்கைத் தொடங்கினால் கடைசி வரை டேலி ஆகாது.

காந்திகிராமம் பக்கத்தில்தானே இருக்கிறது

இந்த யோசனை திண்டுக்கல் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தி தன் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நூற்பது, நெய்வது, பயிர் செய்வது போன்ற ஒரு கைத்தொழில் வழியாகவே கணக்கும் அறிவியலும் மொழியும் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வழியில் வந்தவர்கள்தான் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். சின்னாளபட்டி அருகே 1947ல் அவர்கள் தொடங்கிய காந்திகிராமம், 1956ல் கிராமியக் கல்வி நிலையமாகி, 1976ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது.

ஆதாரக் கல்வி பொதுப் பள்ளிகளில் நிலைக்கவில்லை. "எங்க புள்ள நூல் நூற்கவா பள்ளிக்கூடம் வருது?" என்ற பெற்றோரின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைவேலை மட்டுமே விதிக்கப்பட்ட சமூகங்களுக்கு, புத்தகம்தான் அந்தச் சிறையிலிருந்து வெளியேறும் சாவி. 1953ல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்தபோது அது குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டதும், 1954ல் கைவிடப்பட்டதும் அதனால்தான்.

ஆகவே எல்லையை இங்கே தெளிவாகக் கோடு போட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்த உலகத்திலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும். அதிலேயே முடித்துவிடக் கூடாது. மொய் நோட்டில் ஆரம்பிக்கும் வகுப்பு கம்பெனிச் சட்டத்துக்கும் ஜி.எஸ்.டி.க்கும் போய்ச் சேர வேண்டும். மொய் நோட்டோடு நின்றுவிட்டால் அது ஏமாற்று வேலை.

"சொல்றது ஈஸி..."

ஆசிரியர்கள் தரப்பிலிருந்து பதில் வரும். "வகுப்பில 60 பேர். எமிஸ்ல டேட்டா ஏத்தணும், எலெக்ஷன் டியூட்டி பார்க்கணும், போர்ஷன் முடிக்கணும், ரிசல்ட் காட்டணும். இதுல ஒவ்வொரு புள்ளையா போய்ப் பார்க்க முடியுமா?" முழுக்க உண்மை. சோர்ந்துபோன ஆசிரியரிடம் உற்சாகமான வகுப்பை எதிர்பார்ப்பது தண்ணியில்லாத கிணற்றில் மோட்டார் போடுவது மாதிரி. எழுத்து வேலையைக் குறைப்பதும் காலிப் பணியிடத்தை நிரப்புவதும் அரசின் கடமை.

"இப்போ எல்லாம் செல்போன்தான் சார் காரணம்" என்பார்கள் சிலர். போன் ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் போன் வருவதற்கு முன்பும் கடைசி பெஞ்ச் இருந்ததே! அப்போது ஜன்னல், இப்போது போன். தப்பிக்கும் வழி மாறியிருக்கிறது, தப்பிக்கும் காரணம் மாறவில்லை.

சரி, நாளை காலையே, ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு.

1. கேள்வி கேட்டுவிட்டு உடனே ஒருவரைக் கை காட்டாமல், எல்லாரும் ஒரு நிமிடம் நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் பேசட்டும். அதற்குப் பிறகு பதில். எழுதிப் பார்த்தவனுக்கும் பேசிப் பார்த்தவளுக்கும் வாய் திறக்கத் தைரியம் வரும்.

2. தப்பான பதிலுக்குச் சிரிப்பு கிடையாது என்பது வகுப்பின் முதல் சட்டமாக இருக்கட்டும். "ஏன் அப்படி நினைச்சே?" என்று கேட்டால் அந்தத் தப்புக்குள்ளேயே பாதி பாடம் இருக்கும்.

3. வாரத்தில் ஒரு பீரியட் புதுப் பாடம் வேண்டாம். பழைய பாக்கியைத் தீர்க்க மட்டும். புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்லட்டும். சொல்லிக்கொடுப்பவருக்கும் அது இன்னொரு முறை படித்த மாதிரி.

4. இரண்டு வேலை கொடுத்து எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். "ரொக்க ஏட்டுக் கணக்கு ஒன்று போடு, அல்லது உங்கள் தெருக் கடைக்கு ஒரு வார ரொக்க ஏடு எழுதி வா." தானே தேர்ந்தெடுத்த வேலையை யாரும் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை.

5. இடத்தை மாற்றுங்கள். கடைசி பெஞ்சைத் தண்டனைக்காக முன்னால் கொண்டுவருவது அல்ல. எல்லாரும் சுற்றி வரட்டும். மாதம் ஒரு முறை முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும், அங்கிருந்து போர்டு எப்படித் தெரிகிறது என்று!

வகுப்புத் தோழர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. நோட்ஸ் கேட்டால் மறைத்து வைப்பது, சந்தேகம் கேட்பவனை "படிப்ஸ்" என்று ஓட்டுவது, இங்கிலீஷில் தடுமாறுபவளைப் பார்த்துச் சிரிப்பது... இதையெல்லாம் எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியர் 45 நிமிடம்தான் வகுப்பில் இருக்கிறார். பக்கத்து சீட் நாள் முழுக்க இருக்கிறது.

1968ல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் ஒரு புத்தகம் எழுதினார்கள். சில பிள்ளைகளின் பெயரைக் குலுக்கல் முறையில் எடுத்து, "இவர்கள் இந்த வருடம் நன்றாக முன்னேறப் போகிறார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்களாம். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நிஜமாகவே மற்றவர்களைவிட முன்னேறினார்கள் என்பது அவர்கள் சொன்ன முடிவு. அந்த ஆய்வைப் பற்றிப் பெரிய வாதப் பிரதிவாதம் உண்டு, விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று சொல்பவர்களும் உண்டு. ஆய்வை விடுங்கள். "உருப்பட மாட்டே" என்று பத்து வருடம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும், "உன்னால முடியும், இன்னொரு தடவை பாரு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்காதா?

ஆர்வம் பிறக்கும்போதே சிலருக்கு மட்டும் கிடைக்கும் சொத்து அல்ல. புரிகிறது என்ற சந்தோஷம் ஒரு முறை கிடைத்தால் வருவது. புரியவில்லை என்று பயமில்லாமல் சொல்ல முடிந்தால் தங்குவது. இந்த இரண்டும் கிடைக்காத இடத்தில் பெரியவர்களே உட்கார மாட்டார்கள். பிடிக்காத மீட்டிங்கில் அவர்களும் போனைத்தானே நோண்டுகிறார்கள்?

அடுத்த முறை "இவனுக்கு இன்ட்ரஸ்டே இல்ல" என்று யாராவது சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் நண்பர்களே. கேட்க வேண்டியது சொன்னவரிடம் அல்ல, தரையைப் பார்த்து நிற்கும் அந்தப் பையனிடம்.

"எந்த இடத்துல தம்பி புரியாமப் போச்சு?"

பதில் உடனே வராது. கொஞ்சம் காத்திருங்கள். இத்தனை வருடத்தில் அவனிடம் இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாகக் கூட இருக்கலாம்!